முகவரி சரிபார்க்க இயலவில்லை

பதினேழு வருடமாக இந்த மலைச்சந்தில்
தபால் போடுகிறவள் நான்.
வீட்டு எண்கள் மனதில் நின்றதில்லை.
மீன் வடிவப் பெட்டி,
குளவி கூடு கட்டிய பெட்டி,
திறந்தால் பூனைபோல் கத்தும் பெட்டி,
கோடையில் எனக்கென்று
இரண்டு தக்காளி காத்திருக்கும் பெட்டி.
சனங்களை இப்படித்தான் தெரியும்.

கடலுக்கும் எங்களுக்கும் முந்நூறு மைல்.
சூறாவளி என்பது தொலைக்காட்சியில்
யாருடைய பனைமரங்களையோ வளைக்கிற சங்கதி
என்றிருந்தோம்.
வெள்ளிக்கிழமை விடியலில்
ஹிக்கரி ஓடை எழுந்து நின்றது.
அவ்வளவுதான் பார்த்தேன்.
பிறகு கூரைமேல் ஏறி
மலைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள்
பள்ளி மைதானத்தில் ஹெலிகாப்டர்.
காவல்படைப் பையன்களின் கையில்
பளபளக்கும் வரைபடம்.
எல்லாச் சாலைகளும் அதில் இருந்தன.
அதுதான் அதன் கோளாறு.

"மேலே எத்தனை பேர்?"
மாவட்டத்தின் பட்டியல் கணினியில்,
கணினி சேற்றில்.
பீட்சா அட்டை ஒன்றைக் கிழித்து
நான் வரையத் தொடங்கினேன்.

இங்கே ஆர்வில் ஸ்டாம்பர்,
மாதம் இருமுறை இன்சுலின் பொட்டலம்,
வியாழன் வரவேண்டியது வரவில்லை.
இங்கே டெல்ஃபியா க்ராட்டி,
வெல்டிங் பட்டறையில் காது போனவள்,
கத்தாதீர்கள், கையை ஆட்டுங்கள்.
இந்த வளைவுக்கு மேல் ஒரு பையன்,
கோர்ட்டு நோட்டீஸ் மட்டுமே வரும்,
சீருடையைக் கண்டால் காட்டுக்குள் ஓடுவான்.
தொப்பியையாவது கழற்றிவிட்டுப் போங்கள்.

சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றினான்,
அங்கேயே, என் முன்னால்.

ஹெலிகாப்டர் இறங்காத இடத்துக்குக்
கோவேறு கழுதைகள் போயின.
யாரும் அனுப்பவில்லை, ஆட்கள் தாமாக
ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.
ஒகையோவிலிருந்து ஆமிஷ் தச்சர்கள்.
பேச்சு குறைவு, ஆணி அதிகம்.
தேவாலயத்தில் குவிந்த தானத்தில்
டயப்பர் மட்டும் நாலாயிரம்.
இந்தச் சந்தில் கடைசியாகப் பிறந்த குழந்தை
இப்போது லாரி ஓட்டுகிறது.
நிலவறைத் தண்ணீரை டயப்பரால் ஒற்றி எடுத்தோம்.
ஒரு கல்யாண கவுனும் வந்திருந்தது.
அதை யாரும் தொடவில்லை.

ஆர்விலுக்கு இன்சுலின் போய்ச் சேர்ந்தது
ஒரு நாள் பிந்தி.
விதைக் கம்பெனியின் பட்டியல்
இன்னும் அவர் பெயருக்கு வருகிறது.

பத்தாம் நாள் வந்தாள்
மடக்கு மேசையோடு மத்திய அரசின் யெசேனியா.
திட்ட நினைத்துத்தான் வரிசையில் நின்றேன்.
அவள் காரின் பின்சீட்டில்
தலையணையும் பல்துலக்கியும் கிடந்தன.
படிவத்தை எழுதியவள் அவளில்லை.
"வீட்டின் முன்பக்கப் புகைப்படம்" என்ற கட்டத்தில்
ஒவ்வொரு முறையும்
அவள் பேனா சற்று நின்றது.

நவம்பரில் தபால் மறுபடி ஓடியது.
தச்சர்கள் நட்டுப்போன கம்பங்களில்
ஒரே மாதிரி புதுப் பெட்டிகள்.
என் பையில் ஒரே மாதிரி உறைகள்.
மெல்லிய உறை. பிரிக்காமலே தெரியும்.

டெல்ஃபியாவுக்கு மிஞ்சியவை மூன்று சிமெண்டுப் படிகள்.
நடுப்படியில் உட்கார்ந்து படித்தாள்,
பிறகு என்னிடம் நீட்டினாள்.
தங்கள் முகவரியைச் சரிபார்க்க இயலவில்லை.
அவ்விடத்தில் தாங்கள் வசிப்பதற்குப்
போதிய சான்று இல்லை.

தன் சிரிப்பின் உரத்தைத் தான் கேட்க முடியாதவள்
எதிர்மலை திருப்பிச் சொல்லும்படி சிரித்தாள்.
கடிதத்தைக் கவிழ்த்து முழங்காலில் வைத்து
பென்சிலால் எழுதினாள்.
'இந்தக் கடிதம் இந்த முகவரியில்
என் கையில் கொடுக்கப்பட்டது.'
பென்சிலை என்னிடம் தந்தாள்.

தேதி போட்டேன். வழித்தட எண்.
முழுப்பெயர், சுருக்காமல்.

புது உறையில் வைத்துப் பெட்டியில் போட்டு
சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டாள்.
கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தேன்.
இருந்தாலும் வண்டிக்குப் போய், ஏறி,
முறைப்படி ஓட்டி வந்து
பெட்டியின் அருகே நிறுத்தி
எடுத்துக்கொண்டேன்.